கண்ணகி வழிபாடு

கண்ணகி வழிபாடு என்பது, புகார் நகரத்து வணிகன் கோவலனின் மனைவியும், மதுரையை எரித்தபின் மலையேறி வானுலகம் புகுந்தவளாகச் சிலப்பதிகாரம் கூறும் காப்பியத் தலைவியுமாகிய கண்ணகியை, மழையையும் வெம்மையையும் அம்மை நோயையும் தன் ஆணைக்குள் வைத்திருக்கும் வான் தெய்வமாகக் கொண்டு, தமிழகத்திலும் கேரளத்திலும் இலங்கையிலும் பத்தினி, பகவதி, மங்கலதேவி, கண்ணகை அம்மன் முதலிய பெயர்களால் நடைபெற்றுவரும் வழிபாடாகும். பாலக்காட்டுக் கணவாயிலும் அதற்குத் தெற்கே இடுக்கி மலைகளிலும் இவ்வழிபாட்டின் பழைய தடங்கள் செறிந்து கிடப்பதால், அப்பிரதேசத்துக்கு இக்கட்டுரையில் சற்று அதிக இடம் தரப்படுகிறது.

காற்றுக்கும் ஆகாயத்துக்கும் தனித்தனியே பெண் தெய்வங்களை வகுத்துக்கொண்ட சமூகங்கள் உலகில் உண்டு; பழைய எகிப்தியர் நுட் என்னும் தேவியை, பூமியின்மேல் கவிந்து நிற்கும் வானமாகவே சித்திரித்தனர். நம் நாட்டு மரபில் அவ்வாறில்லை. வேதத்தின் வாயுவும் மருத்துக்களும் ஆண் தெய்வங்கள். தொல்காப்பியம் நிலந்தோறும் வகுத்த மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகிய நால்வரும் ஆண்களே. பஞ்சபூதத் தலங்களில் காற்றுக்குரிய காளத்தியும், ஆகாயத்துக்குரிய சிதம்பரமும் சிவபெருமானுடையவை. ஆயினும் வானத்தின் பலனாகிய மழை யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படும் என்ற கேள்வி எழுந்தபோது, தமிழர் அந்த அதிகாரத்தை இத்தேவர்களில் ஒருவருக்கும் விடாமல் ஒரு பெண்ணிடம் கொடுத்தனர். கற்புடைய மகளின் வாக்குக்கு மழை பணியும் என்ற நம்பிக்கை திருக்குறளிலும் உண்டு, மணிமேகலையிலும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு ஊரும் பேரும் கொண்ட உருவமாக அமைந்தவள் கண்ணகி.

காப்பியக் கதை யாவரும் அறிந்ததாகையால் இங்கு விரிக்க வேண்டுவதில்லை. வழிபாட்டுக்கு ஆதாரமான பகுதி, மதுரை எரிந்ததற்குப் பிறகு தொடங்குகிறது. நகரத்தின் காவல் தெய்வமான மதுராபதி, பதினான்காம் நாள் கணவனை வானோர் வடிவில் காண்பாய் என்று கூற, கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, முருகனுக்குரிய நெடுவேள் குன்றத்தில் ஏறி, ஒரு வேங்கை மர நிழலில் நிற்கிறாள். குறித்த நாளில் தேவர் சூழ வந்த கோவலனோடு அவள் வானேறுவதை அம்மலைக் குறவர் கண்ணாரக் காண்கின்றனர். அவர்கள் வாயிலாகச் செய்தி, பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனுக்கு எட்டுகிறது. தன் நாடு தேடி வந்த பத்தினியை வழிபடுதலே தக்கது என்று அரசி வேண்மாள் உரைக்க, இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, வடநாட்டு மன்னரான கனக விசயர் தலையில் ஏற்றிக் கொணர்ந்து, தன் தலைநகரான வஞ்சியில் பிரதிஷ்டை செய்கிறான் அரசன். அந்த வைபவத்தின் நடுவில், அணிகலன்கள் ஒளிர மின்னற்கொடிபோல் வானத்தில் தோன்றும் கண்ணகி, கோவலனைக் கொல்வித்த பாண்டியன் குற்றமற்றவன் என்றும், தான் அவன் மகள் என்றும், முருகன் குன்றில் விளையாடுவதைத் தான் நீங்கப் போவதில்லை என்றும் கூறுவதாகக் கவி அமைத்திருக்கிறார். கல்லில் நிறுத்தப்பட்ட தேவி அதே வேளையில் மீவிசும்பிலும் காணப்படுகிறாள் என்பதே இக்காட்சியின் சிறப்பு. பின்வந்த வழிபாடுகள் அனைத்தும் இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையிலேயே இயங்குகின்றன.

சரித்திர ஆராய்ச்சிக்கு இதைவிடப் பயன்தருவது, நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை என்னும் சிறு பகுதி. கோவலன் கொலைக்குப் பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமை மிகுந்து, வெப்பு நோயும் கொப்புள நோயும் தொடர்ந்தன என்றும், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுச் சாந்தி செய்தபின்னரே மழை பெய்தது என்றும் அது கூறுகிறது. (கணவன் உயிரைக் கவர்ந்த பொய்க்கு ஒரு பொற்கொல்லன் காரணமாயிருக்க, ஆயிரம் பேர் உயிர் போனதைச் சாந்தி என்று அக்காலத்தவர் சொல்லியது நம் மனத்துக்கு ஒவ்வாதது.) அச்சாந்தியால் மழை பெய்ததைக் கேட்டுக் கொங்கு நாட்டு இளங்கோசர் தம் நாட்டில் விழா எடுத்தபோது மழை தன் தொழிலில் மாறாது நின்றதாம், இலங்கைக் கயவாகு பலிபீடமும் கோட்டமும் அமைத்து ஆடி மாதந்தோறும் விழா நடத்த, அந்நாடு பிழையாத விளைச்சல் பெற்றதாம், சோழன் பெருங்கிள்ளியும் உறையூரில் பத்தினிக் கோட்டம் எடுத்தானாம். மழை, வெப்பு, அம்மை, ஆடி மாதம் ஆகிய நான்கும் இந்தச் சில வரிகளுக்குள்ளேயே ஒருங்கே வந்துவிடுவதைக் கவனிப்பவர், இன்றைய மாரியம்மன் வழிபாட்டின் முழுச் சட்டகமும் அங்கே ஆயத்தமாக இருப்பதை உணர்வர்.

உரைபெறு கட்டுரையும் காப்பியமும் எக்காலத்தவை என்பது தீராத விவாதம். கயவாகு என்பவன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவே என்று கொண்டு அக்காலத்தையே நூலுக்கும் செங்குட்டுவனுக்கும் தந்தவர் பலர். ஆனால் மகாவம்சம் அவ்வரசனைப் பற்றிப் பேசுமிடத்தில் பத்தினி வழிபாட்டைச் சொல்லவில்லை. ஆடி மாதத் தேய்பிறை அட்டமியில், வெள்ளிக்கிழமை கூடிய நாளில் மதுரை எரியும் என்றொரு பழமொழி இருந்ததாகக் காப்பியம் கூறுவதை வைத்துக் கணித்த சுவாமிக்கண்ணுப் பிள்ளை, கி.பி. 756ஆம் ஆண்டுக்கு வந்து சேர்ந்தார். அதை ஏற்றவர் சிலரே. உரைபெறு கட்டுரை பிற்காலச் சேர்க்கை என்பாரும் உளர். 1892இல் உ.வே. சாமிநாதையர் காப்பியத்தை அச்சேற்றிய பிறகே இவ்வாராய்ச்சிகளெல்லாம் கிளைத்தன. அதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே, காப்பியத்தைக் கண்ணால் கண்டிராத மக்கள் பத்தினிக்கு விழா எடுத்துவந்தனர். வெள்ளிக்கிழமையும் ஆடியும் அம்மனுக்கு உரியவையாக நிலைத்திருப்பது, கணக்கர்களின் ஆண்டைவிட உறுதியான சாட்சி என்பது எமது அபிப்பிராயம்.

ஆடிக்கும் அம்மனுக்கும் உள்ள தொடர்பைக் கண்கூடாகக் காண விரும்புவோர், கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு, கஞ்சிக்கோடு வழியாகப் பாலக்காடு செல்லும் பாதையில் அம்மாதத்தில் ஒரு முறை பிரயாணம் செய்தால் போதும். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் மதில்போல் நிற்க, இடையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டிருக்கும் இக்கணவாயில், தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றிப் புகுந்து, குறுகலில் விசை கூடி, கிழக்கே பல்லடம், உடுமலைச் சமவெளி வரையில் பாய்கிறது. அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொல்லும் ஆடிக்காற்று இதுவே. இதே சௌர மாதம் கேரளத்தில் கர்க்கடகம். அங்கே அடைமழையாகக் கழியும் (முன்னாளில் பஞ்சமுமாகக் கழிந்த) நாட்கள், கொங்குப் பக்கத்தில் புழுதியும் வறண்ட காற்றுமாகக் கழிகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெறும் பாலக்காட்டிலிருந்து, அதில் மூன்றில் ஒரு பங்கே பெறும் கோயம்புத்தூருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான். மேகம் தலைக்குமேல் கிழக்கு நோக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மழையின்றி நிற்கும் குடியானவன், அதை நிறுத்திப் பெய்விக்க வல்ல ஒருத்தியை வேண்டியதில் வியப்பில்லை. பிற்பாடு விருச்சிக மாதத்தில் காற்று திசை மாறி, கிழக்கிலிருந்து மேற்கே வறட்சியை எடுத்துச் செல்லும்; மலையாளிகள் அதை விருச்சிகக் காற்று என்பர். 1990களின் நடுப்பகுதியில் கேரள மின்வாரியம் தன் முதற் காற்றாலைகளை நிறுவக் கஞ்சிக்கோட்டைத் தேர்ந்துகொண்டதற்கும், பின்னர் இடுக்கியின் ராமக்கல்மேட்டில் காற்றாலைகள் எழுந்ததற்கும் மலைத்தொடரின் இத்தகைய அமைப்பே காரணம்.

காற்றின் வழி மனிதரின் வழியாகவும் இருந்தது. மேலைக்கடல் துறைமுகமான முசிறியிலிருந்து கொங்குக்கு வந்த வணிகச் சாத்துகள் இக்கணவாயைக் கடந்தே வந்தன. கோவைக்கு அருகே வெள்ளலூரில் கிடைத்த உரோமானியக் காசுகள் அப்போக்குவரத்தின் எச்சம். செங்குட்டுவனின் வஞ்சி கொங்கின் கருவூரா, கடற்கரைக் கொடுங்கல்லூரா என்று அறிஞர் இன்றும் வாதிடுவதும், கண்ணகி ஏறிய குன்று கொங்கின் திருச்செங்கோடே என்று காப்பியத்தின் பழைய உரையாசிரியர்களுள் அரும்பதவுரைகாரர் கொள்ள, அடியார்க்குநல்லார் கொடுங்கல்லூரை அடுத்த செங்குன்று என்று மறுப்பதும், இப்பாதையின் இரு முனைகளுக்கு இடையே நடக்கும் வழக்குகள்தாம். கணவாயின் தென்பகுதியிலுள்ள சித்தூரில் கும்ப மாதத்தில் நடைபெறும் கொங்கன்படை உற்சவம், கொங்கிலிருந்து படையெடுத்து வந்தவனைப் பகவதியின் துணையால் ஊரார் துரத்திய ஐதிகத்தைக் கொண்டாடுவது. கொங்கிளங்கோசர் பத்தினிக்கு விழவெடுத்த நாட்டின் எல்லையில், ஒரு தேவி கொங்கருக்கே எதிராக நிற்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

இடுக்கி மலைகளில் தேவியின் நினைவு வேறு விதமாகத் தங்கியிருக்கிறது. அங்கு வாழும் மன்னான் பழங்குடியினர், கோவலன் கண்ணகி கதையைத் தம் கூத்தாக ஆடிவருகின்றனர். தமக்கென ஓர் அரசனையுடைய இவர்களின் தலைமையிடமான கோழிமலையில் காலாவூட்டு என்னும் அறுவடை விழாவில் இக்கூத்து பிரதானமானது. முதுவர் என்னும் மற்றொரு பழங்குடியினர் தாம் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று கூறிக்கொள்வர். கண்ணகி எரித்த நகரை விட்டு, பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறினோம் என்பது அவர்களிடையே வழங்கும் வாய்மொழிகளுள் ஒன்று. காப்பியத்தில் கண்ணகியின் வானேற்றத்துக்குச் சாட்சியாயிருந்தவர்கள் மலைவாணரே என்பதையும், கதையை இன்றளவும் ஆடிக்காட்டுகிறவர்களும் மலைவாணரே என்பதையும் சேர்த்து நோக்கும் ஆராய்ச்சி இன்னும் போதிய அளவில் நிகழவில்லை. இக்கூத்தின் பாடல்கள் முழுமையாகத் தொகுக்கப்பட வேண்டியவை.

கேரளச் சமவெளியில் கண்ணகி, காளியோடும் துர்க்கையோடும் கலந்து பகவதியானாள். கொடுங்கல்லூர்க் கோயிலைப் பத்தினிக் கோட்டத்தின் வழிவந்ததாகக் கருதுவோர் உண்டு. இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு திருவனந்தபுரத்து ஆற்றுகால் ஆலயம். அங்கே கும்ப மாத உற்சவம் தொடங்கியது முதல் தோற்றம்பாட்டில் கண்ணகியின் கதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பாடப்படும். ஒன்பதாம் நாள் பாண்டியன் வதைபடும் பகுதி முடிந்ததும் கோயில் அடுப்பில் தீ மூட்டுவார்கள். அத்தீ ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்கு ஏற, நகரத்து வீதிகளெங்கும் செங்கல் அடுப்புகளில் மண்பானை வைத்துக் காத்திருக்கும் இலட்சக்கணக்கான பெண்கள் ஒரே வேளையில் பொங்கலிடுவர். மதுரையை எரித்த தீ சோறாக்கும் தீயாக மாறுவதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சடங்கு வேறெங்கும் இல்லை.

இலங்கையில் பத்தினி, சிங்கள பௌத்தருக்கும் தமிழ்ச் சைவருக்கும் பொதுவான தெய்வம். கண்டியில் எசல மாதத்தில், அதாவது ஏறக்குறைய நம் ஆடியில், நிகழும் பெரகராவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களுள் பத்தினி தேவாலயம் ஒன்று. மட்டக்களப்புப் பகுதியில் வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, வழக்குரை காவியம் பாடி, முடிவில் குளிர்த்தி செய்வர். கோபம் தணியாது நிற்கும் தேவியை வேப்பிலையும் நீரும் கொண்டு குளிர்விப்பதே அதன் நோக்கம். ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாக நின்று, கொளுவிய இரண்டு மரக்கொம்புகளை வடத்தால் இழுத்து ஒன்றை முறிக்கும் கொம்புமுறி விளையாட்டும் வறட்சியும் நோயும் நீங்க ஆடப்பட்டதே. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. அங்கே 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் வழிவந்த ஆகமச் சீர்திருத்தம், செட்டிப் பெண்ணையும் சமணக் கதையையும் வழிபடுவது தகாது என்று கண்டிக்க, கண்ணகி கோயில்கள் பல ராஜராஜேசுவரி, புவனேசுவரி என்னும் பெயர்களை ஏற்றன. இப்பத்தினி மரபை விரிவாக ஆராய்ந்த கணநாத் ஒபயசேகரவின் நூல் 1984இல் வெளிவந்தது.

தமிழகத்திலோ கண்ணகியின் பெயர் கோயில்களில் அருகி, அவளுடைய அதிகாரங்கள் மாரியம்மனிடம் சென்றன. இது நேரடி வாரிசுரிமையா, இணையாக வளர்ந்த கிராம தேவதை காப்பியத் தெய்வத்தை விழுங்கியதா என்று துணிந்து கூற இயலாது. எனினும் ஆடி வெள்ளி, கூழ், வேப்பிலை, அம்மை, மழை என்னும் அனைத்தும் அங்கே இருக்க, கதை மட்டும் ரேணுகையினுடையதாக மாறியிருக்கிறது. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததென்று 1980இல் அறிவிக்கப்பட்டபின்னும் கூழ் ஊற்றுவது குறையவில்லை என்பதால், நோயச்சம் மட்டுமே இவ்வழிபாட்டுக்கு வேர் என்ற பழைய விளக்கம் பொருந்தாது.

பெயர் மாறாமல் நிற்கும் தமிழ்நாட்டு எல்லைக் கோயில், தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே, இடுக்கியின் குமுளியை ஒட்டிய வண்ணாத்திப்பாறை மலைமீதுள்ள மங்கலதேவி கோட்டம். சிதைந்த கற்கட்டடமாகிய இதனைச் சிலப்பதிகாரம் கூறும் மங்கல மடந்தை கோட்டமென்று 1960களில் புலவர் கோவிந்தராசனார் எடுத்துக்காட்டினார். பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருப்பதாலும், இரு மாநிலங்களும் உரிமை கோருவதாலும், கோயில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டுமே பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. அன்று குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழ்நாட்டுப் பக்கத்தில் பளியன்குடியிலிருந்து காட்டுவழியே கால்நடையாகவும் மேலே செல்லலாம். இரு வழியாகச் சென்றவரும் பொழுது சாய்வதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும்.