மண்குதிரையும் எல்லைச்சாமியும்: சிற்றூர் மர்ம நாவலில் அமானுஷ்யத்தின் இடம்

இளையோருக்கான மேலைநாட்டு மர்ம நாவலுக்குப் பழகிப்போன ஓர் அமைப்பு உண்டு. எதுவும் நடக்காத சிற்றூர், காணாமல்போன தோழி, எதையோ மறைக்கும் பெரியவர்கள். கதை முக்கால் பங்கு கடந்த பிறகே, நடந்தது மனிதக் காரியம் அல்ல என்று தெரியவரும். அமானுஷ்யம் அங்கே கடைசித் திருப்பம். இந்த அமைப்பைப் புதுச்சேரிப் பகுதியின் வில்லியனூருக்கோ பாகூருக்கோ அப்படியே கொண்டுவந்தால் முதல் பக்கத்திலேயே குலைந்துவிடும். உச்சிவேளையில் ஏரிக்கரைப் பக்கம் போகாதே, அந்தப் பனைமரத்தில் முனி இருக்கிறது என்று ஐந்து வயதிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, இருநூறாம் பக்கத்தில் முனியைக் காட்டி என்ன பயன்?

தமிழ்ச் சிற்றூர் மர்மக் கதையில் அமானுஷ்யம் முடிச்சு அல்ல, முதல் சந்தேக நபர். குற்றம் நடந்ததும் ஊர் முதலில் சொல்வது சாமியின் பெயரைத்தான். ஆகவே திருப்பம் எதிர்த்திசையில் வருகிறது: சாமியின் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார்.

இதற்குத் தெளிவான சான்று இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’. 1990களின் பிற்பகுதியில் நாகாவின் இயக்கத்தில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், ‘மர்மதேசம்’ வரிசையில் ஒளிபரப்பானபோது பள்ளிப் பிள்ளைகள் போர்வைக்குள்ளிருந்து பார்த்த தொடர் அது. ஊரில் தவறு செய்பவர்களைக் கருப்பசாமி குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்பது அங்கே வதந்திகூட அல்ல, ஊர் நடப்பு. முடிவில் விளக்கம் உளவியலிலிருந்து வருகிறது: ஆளுமை பிளந்த ஒரு மனிதனுக்குள் கருப்பு குடியிருக்கிறது. அந்த முடிவின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதுவரை தன் நீதியைத் தானே பேசிக்கொண்டிருந்த ஊர், மருத்துவமனைக் கட்டிலில் நோயாளியாகக் கிடத்தப்பட்டுவிடுகிறது.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இன்னும் தந்திரமானது. பேய் உண்டு என்பதற்கும், எல்லாம் ஒளிப்பட வித்தை என்பதற்கும் இடையே கணேஷையும் வசந்தையும் அலையவிட்டு, கடைசிவரை ஒரு பிடி சந்தேகத்தை மிச்சம் வைக்கிறது. ஆனால் அவர்கள் வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர்கள். வழக்கு முடிந்தால் ஊர் திரும்பிவிடலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. யாரைச் சந்தேகிக்கிறதோ, அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும்.

இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது, நாவலல்ல, 2022இல் வெளிவந்த ‘சுழல்’ என்ற இணையத் தொடர். புஷ்கர், காயத்ரி எழுதியது. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு பள்ளி மாணவி காணாமல்போகிறாள். தெருவெங்கும் அங்காளம்மன் வேடங்கள். குற்றத்தின் வேரோ ஒரு குடும்பத்துக்குள். கோரைப்பல் வைத்த முகங்களில் பயத்தைத் தேடும் பார்வையாளர், வேடம் போடாத முகத்தைத் தவறவிடுகிறார். பெரியவர்கள் சொல்லும் கதையை முதன்முறையாகச் சந்தேகிக்கும் வயதைத்தான் இளையோர் என்கிறோம் என்றால், இத்தொடர் அந்த வகையில் சேரும். தமிழ்ப் பதிப்புலகில் அப்படி ஓர் அலமாரி இன்னும் சரியாக அமையவில்லை. குழந்தை இலக்கியத்திலிருந்து நேராக, பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படிக்கும் மாத நாவலுக்குத் தாவியவர்கள்தாம் நம்மில் பலர்.

சாமியா, ஆளா என்ற கேள்வியே போதாது என்று எனக்குப் படுவது வில்லியனூரை நினைக்கும்போதுதான். அவ்வூரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட வி.கே. முனுசாமி அந்த மண்ணின் கலைஞர். இப்படிப்பட்ட ஊரில் வளரும் சிறுவன், அய்யனார் கோயில் குதிரையை ஈர மண்ணாக, தலை வேறு கால் வேறாக, சூளைக்குக் காத்திருக்கும்போதே பார்த்திருக்கக்கூடும். கண் திறப்பதற்கு முன் அது வெறும் மண் என்பது அவனுக்குத் தெரியும். செய்த கை யாருடையது என்பதும் தெரியும். ஆனாலும் இரவில் அந்தக் குதிரையைத் தனியே கடக்கமாட்டான். அறிவும் அச்சமும் அவனிடம் சண்டையின்றிச் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றைப் பொய்யாக்கித்தான் மற்றது ஜெயிக்க வேண்டும் என்பது நாவலாசிரியரின் அவசரம், ஊரின் அவசரமல்ல. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இன்னும் பழசாகாததற்கும் இதுவே காரணம் என்பேன்: அது தீர்ப்பு எழுதவில்லை.

மர்மத்துக்கு வேண்டிய பிற சரக்குக்கும் இந்தப் புதுச்சேரி ஊர்களில் பஞ்சமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரின் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைச் சொல்லும் செப்பேடுகள் ஆயிரம் ஆண்டு கழித்து வெளிப்பட்டன. 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதே பாகூரில் மோதினார்கள். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். எட்டுப் பேர் மறுத்தனர். அந்த எட்டுப் பேரில் ஒருவரின் கொள்ளுப்பேத்தி என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தைப் படைத்தாலே, வீட்டில் யாரும் பேசாத விஷயம் ஒன்று கைக்குக் கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட வளமானது எல்லை. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற துண்டு நிலங்கள் இவை. புதுச்சேரி ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் பின்னிக் கிடக்கின்றன. சில கிலோமீட்டர் பயணத்தில் மாநிலம் மாறி, மறுபடியும் மாறும். வயல் வரப்பில் ஒரு செருப்பு கிடந்தால் வழக்கு பாகூர்க் காவல் நிலையத்துக்கா, கடலூர் மாவட்டத்துக்கா என்பது உண்மையான கேள்வி. அதிகாரிகள் அளவு பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரம் கொலைகாரனுக்குச் சொந்தம்.

எல்லைச்சாமிக்கோ இந்தக் கணக்கு பொருட்டல்ல. அவருடைய எல்லை ஊர் கூடி வகுத்தது, ஒப்பந்தத்தில் கிழித்த கோட்டுக்கு முந்தியது. இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத அந்தச் சிறு நிலத்தில், சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு ஒரு பதினைந்து வயதுப் பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் மண்குதிரை. காவலர்கள் இன்னும் வரவில்லை. குதிரையின் கழுத்தில் நேற்று இல்லாத மாலை ஒன்று கிடக்கிறது. அதைக் கட்டிய விரல்களின் முடிச்சு அவளுக்குப் பழக்கமானது.