மணமேல்குடிக் கரையில் ஊசி பிடித்த கைகள்

வங்காளத்துக்குக் காந்தா உண்டு. பீகாருக்குச் சுஜனி உண்டு. மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்களின் கவந்தி. பழந்துணிகளை அடுக்கி, நூலோட்டித் தைத்து, போர்வையாகவும் விரிப்பாகவும் ஆக்கும் இந்தக் கலைகளின் வரிசையில் தமிழ்நாட்டுக்கு இடம் இல்லை. இதற்கு இரண்டு காரணங்களை வழக்கமாகச் சொல்வார்கள். வெயில் கொளுத்தும் நாட்டில் தைத்த போர்வை எதற்கு என்பது ஒன்று. வேட்டியும் புடவையும் உடுத்திய மக்களுக்கு ஊசியோடு என்ன உறவு என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மை. பாக் நீரிணைக் கரையில் புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடியையும் அதைச் சுற்றிய ஊர்களையும் வைத்துப் பார்த்தால், துணியோடு துணி சேர்த்துத் தைக்கும் திறமை இங்கே நிறையவே இருந்தது தெரியும். அது கடலுக்கும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் உழைத்தது. கூலிக்கும் தொழிலுக்குமாக ஆண்கள் செய்த வேலை அது. வீட்டுப் பெண்ணின் ஓய்வுநேரக் கலையாக அது வளராமல் போனதற்குக் காரணம், ஊசி யார் கையில் இருந்தது என்பதுதான்.

முதலில் ஊரைப் பற்றி. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் இந்தக் கரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்ததில்லை. அதை ஆண்ட தொண்டைமான்களின் நாட்டுக்குக் கடலே கிடையாது. அறந்தாங்கியோடு சேர்ந்து தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த பகுதி இது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இந்தப் பக்கம் வந்தது. குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் என்று மணமேல்குடியைச் சைவ மரபு போற்றுகிறது. அவர் அமைச்சராக இருந்ததோ பாண்டியனிடம். சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடைப்பட்ட, கடலை நம்பி வாழ்ந்த ஊர் என்பதை மனத்தில் கொண்டால், இங்கே துணி எந்தெந்த வேலைக்குத் தைக்கப்பட்டது என்பது எளிதில் விளங்கும்.

பெரிய தையல் வேலை படகில்தான் நடந்தது. ஆழம் குறைந்த, அலை அடங்கிய இந்தக் கடலில் வள்ளமும் வத்தையும் காற்றை நம்பி ஓடியவை. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் பாக் நீரிணையின் பாய்ப் படகுகளுக்குத் தனி இடம் தந்தார். படகின் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி நின்று, காற்றின் வேகத்துக்கு ஈடாகத் தங்கள் உடல் எடையை வைத்துப் படகைச் சாயாமல் ஓட்டும் முறை அவர் கண்ணில் பட்டது. அவ்வளவு காற்றைத் தாங்கும் பாய் ஒரே துணியாகத் தறியில் நெய்து வராது. கைத்தறித் துணியின் அகலம் குறைவு. பட்டை பட்டையாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டு, விளிம்பில் கயிறு வைத்துத் தைத்து, இழுவை அதிகம் விழும் மூலைகளில் கூடுதல் துணி வைத்தால்தான் அது பாய் ஆகும். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவது ஓயாத வேலை. ஒட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் காற்று பிடிக்காது; படகும் சொன்ன திசையில் போகாது. பாய் தைப்பதைப் போர்வை தைப்பதோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். பயன் வேறு, ஆனால் துண்டுகளைச் சேர்ப்பது, தையல் பிரியாமல் காப்பது, பழையதோடு புதியதை இணைப்பது என்னும் மூன்று திறமைகளும் இரண்டுக்கும் பொது. கணக்குத் தப்பினால் உயிர் போகும் என்பதால் கடலில் அந்தத் திறமைக்குச் சோதனை அதிகம்.

அடுத்த இடம் கோயில். பூம்புகாரில் இருந்த தொழிலாளர் வரிசையில் துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் சிலப்பதிகாரம் சேர்க்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்ட பணியாளர் பட்டியலில் தையற்காரருக்கும் மணி தைப்பவருக்கும் நெல் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழனுக்கும் ஊசிக்கும் உறவில்லை என்ற பேச்சு இதோடு அடிபட்டுப் போகிறது. தஞ்சாவூர்ப் பகுதியில் இன்றுவரை தொடரும் தேர்ச்சீலை வேலை இந்த மரபின் கண்கூடான வடிவம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சைத் துணிகளில் யாளியும் தாமரையும் கிளியும் வெட்டி, அடித்துணியில் வைத்து ஓரம் மடித்துத் தைப்பார்கள். அதையே உருளையாக மூட்டினால் தேரில் தொங்கும் தொம்பை. வாசல் மாலை, குடை, கொடி எல்லாம் அதே கைவேலை. தஞ்சை மாவட்டத்திலேயே இருந்த இந்தக் கரைக்குத் தொம்பை புதிதல்ல. விடுமுறைக்கு ஊர் சுற்றப் போவது என்ற பழக்கம் வருவதற்கு முன்னால், குடும்பத்தோடு வண்டி கட்டிப் புறப்படும் நாள் என்றால் அது திருவிழா நாள்தான். ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் திருவிழாவுக்கும் கோட்டைப்பட்டினம் தர்கா கந்தூரிக்கும் போன குடும்பங்கள் அங்கே கண்டது தையல்காரனின் கைவேலையைத்தான்: தேரில் அசைந்த தொம்பையும், தர்காவில் ஏறிய கொடியும், சமாதியில் போர்த்திய போர்வையும். வண்ணத்துணி ஒட்டி அழகு காட்டும் ஆசை இங்கே இல்லாமல் இல்லை. அது ஊர் பார்க்கும் இடத்தில் நிறைவேறியது.

மூன்றாவது, மெத்தை. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்து, அது நகராமல் இடையிடையே குத்தித் தைப்பது என்று பார்த்தால், இங்கே அந்த வேலையை உண்மையில் செய்தவர் மெத்தை தைப்பவர்தான். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில், பஞ்சு கொட்டுவதைத் தொழிலாகக் கொண்ட முஸ்லிம் சமூகத்துக்குத் தனிப் பதிவு இருக்கிறது. தெலுங்கில் தூதேகுலா, தமிழில் பஞ்சுக்கொட்டி. வில்லின் நாணை அதிரவிட்டுப் பஞ்சை உதிரியாக்கி, உறையில் பரப்பி, நீண்ட ஊசியால் மேலிருந்து கீழாகக் குத்தி முடிச்சிடும் வேலை அது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு தமிழகம் முழுதும் மெத்தைக்குப் போனது. கல்யாண வீட்டில் சீர்வரிசையோடு மெத்தையும் தலையணையும் வைப்பது வழக்கமானபோது, அதைத் தைத்துத் தர ஆளைக் கூப்பிட்டார்களே தவிர, வங்காளத்தில் காந்தா தைத்ததுபோல வீட்டுப் பெண்களை உட்கார வைத்துத் தைக்கச் சொல்லவில்லை.

அப்படியானால் வீட்டில் கிழிந்த துணி என்னவாயிற்று? அது முழுதாகவே பயன்பட்டது. பழம்புடவை தூளியாயிற்று, தூளிக்குத் தையலே வேண்டாம். பழைய வேட்டி பிள்ளைக்கு இடுப்புத் துணியாயிற்று. கிழிசல் சும்மாடாயிற்று, மீன்கூடை சுமந்த பெண்களுக்கு அது இல்லாமல் முடியாது. மிச்சம் விளக்குத் திரிக்கும் அடுப்பங்கரைக் கரித்துணிக்கும் போயிற்று. பிற்காலத்தில் பழந்துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தரும் வியாபாரிகள் தெருவுக்கு வந்தபோது, நைந்த புடவைக்கும் ஒரு விலை கிடைத்தது. துணியின் தன்மையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. வங்காளத்து மெல்லிய பருத்தியை நான்கைந்து மடிப்பு அடுக்கினால்தான் போர்வையாகும். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி போன்ற தடித்த பருத்திப் புடவையோ ஒற்றையாகவே போர்த்திக்கொள்ளக்கூடியது. தரையில் விரிக்கக் கோரைப்பாய் இருந்தது; கொஞ்சம் வசதி இருந்தால் பவானி ஜமுக்காளம். தையல் நுழைய வேண்டிய இடங்களை எல்லாம் தறியும் பாய் முடைபவரும் முன்பே பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது ஒன்று. ஏழை வீட்டுத் துணி மண்ணோடு மண்ணாகிவிடும். அது எஞ்சவில்லை என்பதற்காக இருந்ததே இல்லை என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. பழம்புடவையை நான்காக மடித்து ஓரம் தைத்துப் பிள்ளைக்கு விரிப்பது தமிழ் வீடுகளில் இருந்தது, இருக்கிறது. ஆனால் வங்காளத்துத் துணியும் ஏழைத் துணிதான். அங்கும் ஈரமும் பூச்சியும் உண்டு. இருந்தும் 19ஆம் நூற்றாண்டுக் காந்தாக்கள் எஞ்சின. 1929இல் கவிஞர் ஜசிமுத்தீன் ஒரு நெடுங்கவிதையைக் காந்தாவின் பெயரிலேயே எழுதினார். 1939இல் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் காந்தாவைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். போற்றி வைத்த பொருள்தான் எஞ்சும். நம் விரிப்பு தேவைக்குத் தைத்தது. பரிசாகவோ சீராகவோ ஆகவில்லை. வெயில் வாதத்துக்கும் இதே அளவில்தான் பதில். வெயிலுக்குப் பேர்போன ராஜஸ்தானிலும் சிந்துவிலும் ஒட்டுத்துணி விரிப்புகள் உண்டு. அவை குளிருக்குப் போர்த்த மட்டுமல்ல, கட்டிலில் விரிக்கவும் விருந்தாளிக்கு இடம் போடவும்தான். அங்கே இரவில் குளிர் இறங்கும் என்பது உண்மை. மார்கழியில் இந்தக் கரையில் வீசும் வாடைக்கும் போர்வை வேண்டும் என்பதும் உண்மை.

துணி அரிதாக இருக்கும் இடத்தில்தான் துண்டுத் தையல் வளரும் என்று இன்னொரு வாதமும் உண்டு. அதற்குக் கடல் கடந்து ஒரு சான்று இருக்கிறது. இந்தியச் சீட்டித் துணிக்கு ஐரோப்பா பித்துப் பிடித்துக் கிடந்த காலத்தில், உள்நாட்டு நெசவைக் காக்கப் பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1700இலும் தடை போட்டன. கிடைத்த துண்டைக்கூட வீணாக்க மனமில்லாத நிலை வந்தது. இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில் உள்ள, 1708ஆம் ஆண்டையொட்டித் தைத்ததாகக் கருதப்படும் ஒட்டுப்போர்வை முழுக்க இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. அந்த நாட்டில் எஞ்சியுள்ள ஒட்டுத்துணிப் போர்வைகளில் மிகப் பழையது அதுவே என்பார்கள். சோழமண்டலக் கரை முழுத்துணியாக ஏற்றுமதி செய்ததை, வாங்கிய நாடு துண்டுகளாகப் போற்றியது. ஆனால் வங்காளமும் நெசவு நாடுதான். துணி மலிந்த அங்கேயும் காந்தா பிறந்தது. ஆகவே துணி அரிது என்ற ஒரே காரணம் போதாது. வங்காளத்தில் ஊசி வீட்டுப் பெண்ணிடம் இருந்தது, இங்கே அது தொழிலாளியிடம் இருந்தது என்ற வேறுபாட்டுக்கே திரும்பவும் வந்து சேர்கிறோம்.

இந்த வேறுபாடு மாறியது கடந்த 200 ஆண்டுகளில். 1820களில் நாகர்கோவிலிலும் பின்னர் இடையன்குடியிலும் மிஷனரிகளின் மனைவியர் பெண்களுக்குப் பின்னல் லேஸ் வேலை கற்றுத் தந்தார்கள். 1870களிலிருந்து சிங்கர் இயந்திரம் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1930களில் கல்கத்தாவிலிருந்து உஷா. முதலில் ஆண் தையற்காரரின் கடையில் அமர்ந்த இயந்திரம், மெல்ல வீட்டுத் திண்ணைக்கு வந்து பெண்ணின் கையில் சேர்ந்தது. பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் தர, சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரில் தமிழக அரசு திட்டம் வகுத்ததே, அந்த இயந்திரம் பெண்ணின் வருமானமாகப் பார்க்கப்பட்டதற்குச் சான்று. ஆக, பெண்ணிடம் வந்தபோதும் ஊசி பிழைப்பாகவே வந்தது. அவளது ஆண்டின் வேலைக்கணக்கு மற்றவர்களின் விடுமுறையை ஒட்டியது: பள்ளி திறக்கும்போது சீருடை, ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் முன்னால் இரவெல்லாம் ரவிக்கையும் பாவாடையும். ஊர் கிளம்பும் நாளில்தான் அவளுக்கு ஓய்வு. வெட்டி விழுந்த துண்டுகளை மிதியடியாகவும் தலையணை உறையாகவும் ஆக்குவது அந்த உழைப்பின் ஓரத்தில் கிடைத்த சின்ன சுதந்திரம்.

இன்று கண்காட்சிகளில் ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தமிழ்ப் பாரம்பரியம் என்று அடுக்கி விற்பவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. புதிய கலை வந்தால் நல்லதுதான். ஆனால் இல்லாத பாட்டியின் போர்வையைக் கற்பிப்பதைவிட, இருந்த பாயையும் தொம்பையையும் மெத்தையையும் அறிவது மேல். பருத்திப் பாய் தைக்கத் தெரிந்தவர்கள் மறைந்து வருகிறார்கள். விசைப்படகும், அதன்பின் நாட்டுப் படகிலும் பொருத்திய மோட்டாரும் பாயைக் கரையேற்றிவிட்டன. எஞ்சிய சில இடங்களில் தார்ப்பாயும் பிளாஸ்டிக் சாக்கும் பருத்தியின் இடத்தைப் பிடித்தன. இயந்திர மெத்தை வந்ததும் பஞ்சு கொட்டும் வில்லும் தெருவை விட்டுப் போயிற்று. 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் இந்த மாவட்டத்துக்கு உரியது. கரையோரத்து முதியவர்களிடம் பாய் தைக்கும் முறையைப் பதிவு செய்வதும், கையால் தைத்த ஒரு பாயையும் ஒரு தொம்பையையும் அங்கே அருகருகே வைப்பதும் பெரும் செலவில்லாத வேலை. அந்த முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.