கிராமத்துக்கு வந்த வெண்திரை

தில்லியில் புசா ரோடு வழியாக நாள்தோறும் போய்வரும் நம்மில் பலர், அப்பெயர் பீகாரிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1905-ஆம் ஆண்டில் அவ்வூரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. 1934-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் அதன் கட்டடம் சிதைந்து போகவே, 1936-இல் நிலையம் தில்லிக்கு மாற்றப்பட்டது. ஊர்ப் பெயரும் உடன் வந்து சேர்ந்தது. அதே 1905-ஆம் ஆண்டில், தென்னாட்டில், திருச்சிராப்பள்ளியில் வேறொரு முயற்சி தொடங்கிற்று. முன்னது வேளாண்மைக்கு அறிவு தேடப் பிறந்தது. பின்னது சிற்றூர்வரை படக்காட்சியைக் கொண்டு சென்றது. பின்னதன் வரலாறே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்தித்தன என்பதையும் பின்னர்க் காண்போம்.

சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடப் பணியில் இருந்தவர். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் அக்காலத்தில் ஊமைப்படங்களைக் காட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வந்தார். அவரிடமிருந்த கருவியையும் படங்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம் அவற்றுள் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கூடாரமும் கருவியுமாக அவர் புறப்பட்டார். வடநாட்டிலும் சுற்றினார். பின்னர் 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். ஆயினும் அவர் காட்டிய வழியில் கூடாரங்கள் தொடர்ந்து பெருகின.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கியபின், இக்கூடாரங்களுக்கு ‘டூரிங் டாக்கீஸ்’ என்ற பெயர் நிலைத்தது. இதன் அமைப்பு எளியது. அறுவடை முடிந்த வயலிலோ ஊர்ப் பொட்டலிலோ கூடாரம் எழும். மின்சாரம் எட்டாத ஊர்களில் எண்ணெய் எஞ்சின் ஒன்று ஓடும். கூடாரத் துணி பகல் வெளிச்சத்தைத் தடுக்காது. ஆதலால் பொழுது சாய்ந்த பின்னரே காட்சி. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு எழுந்தால், ஆட்டம் தொடங்கப் போகிறது என்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அறியும். வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள். படம் காட்டும் கருவி பெரும்பாலும் ஒன்றே இருந்தமையால், சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. தரை டிக்கெட் வாங்கியவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்துகொள்வார்கள்.

அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஓலையும் துணியும் சூழ்ந்த இடத்தில் அது பேராபத்து. ஆகவே படக்காட்சிக்கு உரிமம் தேவை என்று 1918-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. 1955-இல் சென்னை மாநிலம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. நிலையான அரங்குக்கு ஒரு விதி, இடம் பெயரும் கொட்டகைக்கு வேறு விதி என வகுக்கப்பட்டது. குறித்த காலம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வேறிடம் செல்லவேண்டும். காலப்போக்கில் பல கூடாரங்கள் கீற்றுக் கொட்டகைகளாக ஓரிடத்தில் வேரூன்றின.

திறந்தவெளியில் படம் காட்டும் எண்ணம் அமெரிக்காவில் வேறு வடிவம் கொண்டது. நியூஜெர்சி மாநிலத்தில் காம்டன் நகரை அடுத்து, 1933 ஜூன் 6-இல், ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் மோட்டார் வண்டியில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் அரங்கைத் திறந்தார். முன்சக்கரங்கள் சற்று உயர்ந்து நிற்குமாறு தரை வரிசை வரிசையாகச் சரிவாக்கப்பட்டது; இதனால் முன்வண்டி பின்வண்டியை மறைக்கவில்லை. 1940-களில் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி ஒலிபெருக்கி வந்தது. 1950-களின் இறுதியில் அந்நாட்டில் இத்தகைய அரங்குகள் 4,000-க்கு மேல் இருந்தன. அவற்றுட் பல, நிலம் மலிவாகக் கிடைத்த நாட்டுப்புறங்களிலும் சிற்றூர்களின் ஓரங்களிலும் அமைந்தவை. இந்தியாவில் 1973-இல் அகமதாபாதில் இவ்வகை அரங்கு ஒன்று தோன்றிற்று. சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று பல்லாண்டுகள் நடைபெற்றது. ஆனால் நம் நாட்டில் இவை கார் வைத்திருந்த நகரத்தாருக்கே உரியவையாயின.

இரண்டிலும் மேலே வானம், எதிரே திரை, வெளியூரிலிருந்து வண்டியில் வந்த குடும்பங்கள். ஆயினும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே குடும்பம் தன் வண்டிக்குள்ளேயே இருந்தது. இங்கே மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு எல்லாரும் ஒரே தரைக்கு வந்தாக வேண்டும். இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி இதன் பொருளைத் தெளிவாகக் கண்டார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நிகழ்ச்சி கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகை. அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பன்று, கையிலிருந்த காசு என்பது அவர் கருத்து.

இதை மிகைப்படுத்தவும் ஆகாது. காசும் ஒரு வேலிதான். நாற்காலிக்காரர் பின்னேயும் தரைக்காரர் முன்னேயும் இருந்தனர். பெண்களுக்குத் தனிப் பகுதி பிரிக்கப்பட்டது. ஆட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பினால் தெருக்கள் பழைய தெருக்களே. எனினும் கோயில் வாயிலிலும் ஊர்க் கிணற்றடியிலும் தடுக்கப்பட்ட ஒருவர், சில அணாவைக் கொடுத்துவிட்டு, தடுத்தவர் பார்த்த அதே காட்சியை அதே நேரத்தில் பார்த்தார். இரண்டரை மணி நேரமே ஆயினும் அது சிறிய செய்தி அன்று.

அரசாங்கமும் திரையின் ஆற்றலை உணர்ந்தது. 1948-இல் திரைப்படப் பிரிவு அமைந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களை விளக்கும் படங்களை ஏற்றிக்கொண்டு விளம்பர வண்டிகள் கிராமங்களுக்குச் சென்று, இரவில் திரை கட்டி இலவசமாகக் காட்டின. 1967 ஜனவரி 26-இல் தில்லித் தொலைக்காட்சி ‘கிருஷி தர்ஷன்’ என்ற உழவர் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. சுற்றியுள்ள 80 கிராமங்களில் பொதுவிடத்தில் பெட்டி வைக்கப்பட்டது. புசா நிலையத்தின் வேளாண் அறிவும் அந்நிகழ்ச்சிக்குத் துணை நின்றது. தொடக்கத்தில் நாம் கூறிய இரு பாதைகளும் இங்கே கூடின: ஆராய்ச்சியாளரின் விதையும் கூடாரக்காரரின் திரையும் ஒரே ஊர்ச் சாவடிக்கு வந்து சேர்ந்தன.

பின்னர் பெட்டி சாவடியை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது. 1975-இல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1980-களில் வீடியோ பரவியது. வாடகைக்குக் கருவி கிடைத்த ஊரில் மணல் தரைக்கு ஆள் குறைந்தது. கூடாரங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. அமெரிக்கக் கார் அரங்குகளையும் தொலைக்காட்சியும் நில விலையும் சேர்ந்தே நலிவித்தன.

இன்று உழவர் கையிலேயே திரை இருக்கிறது. நெல்லின் நோய்க்கு மருந்தும் அதில் கேட்கலாம், படமும் பார்க்கலாம். வசதி பெருகியதை நாம் வரவேற்கவே வேண்டும். ஆயின் அந்த மணல் தரை செய்த மற்றொரு வேலையை இந்தக் கைத்திரை செய்யாது. அயலாரோடு தோளுரச அமர்ந்து, ஒரே இடத்தில் சிரித்து, ஒரே இடத்தில் கண் கலங்கும் பழக்கத்தை ஊருக்குத் தந்தது கூடாரம். கூடாரத்தைத் திரும்பக் கட்ட இயலாமற் போகலாம். எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு தரை ஊர்தோறும் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் நாம் பிரித்துப் போட்டுவிடலாகாது.