நீலப்பெட்டி வந்த வழி

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுன்னு நம்ம கூட்டமைப்புத் தலைவி அக்கா கேட்டாங்க. சேமிப்பு, கடன், தையல் பயிற்சி பத்தியெல்லாம் மத்தவங்க எழுதுவாங்க, நான் தடுப்பூசி பத்தி எழுதுறேன்னு சொன்னதும் சிரிச்சிட்டாங்க. புதன்கிழமை ஆனா நர்சம்மா தோள்ல மாட்டிக்கிட்டு வர்ற நீலப்பெட்டியை நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுக்குள்ள இருக்கிற மருந்து கெடாம இந்த வெயில் ஊருக்கு வந்து சேர்றதுக்குப் பின்னால 200 வருசக் கதை இருக்கு. கஜா புயல் வருசம் நான் நர்சம்மாகிட்ட போட்ட ஒரு சண்டைக்கு அப்புறம்தான் இதையெல்லாம் கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தச் சண்டையைப் பின்னால சொல்றேன்.

எங்க அப்பாயிக்கு இடது கையில காசு மாதிரி வட்டமா ரெண்டு தழும்பு இருந்தது. அம்மை குத்தின தழும்பு. அம்மை குத்துறவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சா பிள்ளைங்க எல்லாம் வைக்கோல் போருக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவோம்னு சொல்லும். பெரியம்மையில செத்தவங்க போக, பொழைச்சவங்களுக்கும் முகமெல்லாம் குழி விழுந்துடும், சிலபேருக்குக் கண்ணும் போயிடும்.

அந்தப் பெரியம்மைக்கு 1796-ல இங்கிலாந்துல எட்வர்ட் ஜென்னர்ங்கிற டாக்டர் வழி கண்டுபிடிச்சார். மாட்டு அம்மைக் கொப்புளத்து நீரை மனுசங்க தோல்ல கீறி வச்சா, பெரியம்மை அண்டாது. ஆனா அந்த நீரை நம்ம நாட்டுக்கு எப்படிக் கொண்டு வர்றது? ஐஸ் கிடையாது, கரண்டு கிடையாது. நூல்ல நனைச்சு, காய வச்சு அனுப்பிப் பார்த்தாங்க. மாசக்கணக்குல பயணம் பண்ணி வந்து சேர்றதுக்குள்ள சூட்டுல சக்தி போயிடும்.

கடைசியில மனுச உடம்பையே பாத்திரமா ஆக்கிட்டாங்க. ஒரு பிள்ளைக்குக் குத்தி, ஒரு வாரம் கழிச்சு அது கையில எழும்புற கொப்புளத்துல இருந்து நீர் எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துறது. இப்படியே கை மாத்தி கை மாத்தி பாக்தாத், பாஸ்ரா வழியா கப்பல்ல பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14-ல ஆனா டஸ்ட்ஹால்ங்கிற 3 வயசுப் பெண் குழந்தைக்குக் குத்தினாங்க. இந்தியாவுல முதல்ல பலிச்ச தடுப்பூசி அதுதான். அந்தக் குழந்தை கையில இருந்து எடுத்த நீர்தான் பம்பாயில மத்த பிள்ளைங்களுக்குப் போய், அங்கேயிருந்து சென்னைப் பட்டணம் வரைக்கும் வந்தது. அடுத்த வருசமே, 1803-ல, ஸ்பெயின் நாட்டுக்காரங்க இதே மாதிரி கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோக 22 அனாதைப் பையன்களைக் கப்பல்ல ஏத்தினாங்க. கேள்வி கேக்கத் தாய் இல்லாத பிள்ளைங்களாப் பார்த்துத்தான் ஏத்தியிருக்காங்க பாருங்க. நல்ல காரியம்தான், இருந்தாலும் படிச்சப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

கைக்குக் கை மாத்துறதுல ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்கு ஒட்டிக்கிற ஆபத்து இருந்தது. தன் பிள்ளை கைப்புண்ணைக் கீறி நீர் எடுக்க எந்தத் தாய் சம்மதிப்பா? அதனால கன்னுக்குட்டித் தோல்ல வளர்த்து எடுக்கிற முறை வந்தது. அதுக்காக 1899-ல சென்னை கிண்டியில தொடங்கினதுதான் இப்ப கிங் இன்ஸ்டிடியூட்னு சொல்ற இடம். அந்த மருந்தும் வெயில்ல தாங்காது. அப்புறம் 1950-கள்ல, உறைய வச்சு ஈரத்தை உறிஞ்சித் தூளாக்குற முறையை லண்டன்ல லெஸ்லி காலியர்ங்கிறவர் சரிப்படுத்தினார். அந்தத் தூள் 37 டிகிரி சூட்டுல ஒரு மாசம் வச்சாலும் கெடாது. நம்ம நாட்டுல பெரியம்மையை ஒழிக்க அந்தத் தூள் மருந்து பெரிய துணை. 1975-ல கடைசியா ஒருத்தருக்கு வந்தது. 1977-ல பெரியம்மை இல்லாத நாடுன்னு அறிவிச்சாங்க.

ஆனா எல்லா மருந்தும் அப்படி உழைக்கிற மருந்து இல்லை. போலியோ சொட்டு மருந்து இருக்கே, அதுதான் எல்லாத்துலயும் சூட்டுக்குச் சீக்கிரம் கெடுறது. 1978-லயும், பெரிய அளவுல 1985-லயும் எல்லாக் குழந்தைக்கும் தடுப்பூசின்னு அரசாங்கம் திட்டம் கொண்டு வந்தப்ப, மருந்து வாங்குறதை விட அதைக் குளிர்ச்சியா வச்சுக் கடைக்கோடி ஊர் வரைக்கும் சேர்க்குறதுதான் பெரும்பாடா இருந்திருக்கும். 1995-ல இருந்து போலியோ சொட்டு மருந்து முகாம் நாடு முழுக்க நடந்தது. பிள்ளைங்க விரல்ல மை வச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2011 ஜனவரியில மேற்கு வங்காளத்துல ஒரு குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச்ல போலியோ இல்லைன்னு சான்று கொடுத்தாங்க. அத்தனை சொட்டும் ஐஸ் பெட்டியில போனதுதான்.

இப்ப மருந்து கம்பெனியில இருந்து பெரிய கிடங்கு, அங்கேயிருந்து மாவட்டம், அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையம், கடைசியா நர்சம்மாவோட நீலப்பெட்டின்னு வருது. சுகாதார நிலையத்துல இருக்கிற பெட்டிக்கு ஐ.எல்.ஆர்.னு பேர். ஐஸ்கிரீம் கடைப் பெட்டி மாதிரி மேல் பக்கமா திறக்கும். குளிர்ந்த காத்து கனமானது, மேல் மூடியைத் திறந்தா வெளியே கொட்டிடாது. நம்ம வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தா கால்ல ஜில்லுன்னு இறங்குதே, அது குளிர் போறதுதான். ஐ.எல்.ஆர். சுவத்துக்குள்ள ஐஸ் உறைஞ்சு நிக்கும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் சேர்ந்தாப்புல கரண்டு இருந்தாலே சமாளிச்சுக்கும். உள்ளே 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். காலையிலயும் சாயங்காலமும் பார்த்து எழுதி வைக்கணும்.

குளிர்ச்சின்னா எவ்வளவு இருந்தாலும் நல்லதுதானேன்னு நான் நினைச்சேன். இல்லையாம். சின்னப் பிள்ளைங்களுக்குப் போடுற ஐந்து நோய் ஊசி, ரண ஜன்னி ஊசி மாதிரி சிலது உறைஞ்சு போனா வீணாயிடும். அதனால ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பையை உடனே பெட்டியில வைக்கக் கூடாது. வெளியே வச்சு, குலுக்கினா உள்ளே தண்ணி ஆடுற சத்தம் கேட்டாத்தான் வைக்கணும். தேங்காயைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்ப்போம்ல, அதே மாதிரி. சூடு பட்டதைக் கண்டுபிடிக்க மருந்து பாட்டில்லயே வட்டத்துக்குள்ள ஒரு சின்னச் சதுரம் இருக்கு. சூடு பட்டா அது கறுத்துக்கிட்டே வரும். வெளி வட்டம் நிறத்துக்கு வந்துட்டா போடக் கூடாது. ஆனா உறைஞ்சு கெட்டதை அந்தச் சதுரம் காட்டாது.

இனி என் சண்டை. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, விடியக்காலம் கஜா அடிச்சது. எங்க பேராவூரணிப் பக்கம் தென்னை எல்லாம் வேரோட சாஞ்சது. கம்பம் விழுந்து ஊரே இருட்டு. சின்னவளுக்கு அப்ப 9 மாசம் முடிஞ்சு தட்டம்மை ஊசி போடணும். அடுத்த புதன்கிழமை, விழுந்த மரத்தையெல்லாம் தாண்டி அவளைத் தூக்கிக்கிட்டுப் போனேன். நர்சம்மா வெறுங்கையோட உக்காந்திருந்தாங்க. “இன்னிக்கு ஊசி இல்லைம்மா, நானே ஆள் விட்டுச் சொல்றேன்”னாங்க. எனக்கு வந்துச்சே கோவம். வீட்டு ஓடு போச்சு, மரம் போச்சு, இதுவும் இல்லைன்னா அப்புறம் நீங்க எதுக்குன்னு பத்துப் பேர் முன்னால கத்திட்டேன். அவங்க வீட்டுக் கூரையும் போயிருந்தது எனக்கு அப்ப தெரியாது.

ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காம, மருந்தையெல்லாம் ஐஸ் போட்டுப் பெரிய பெட்டியில கட்டி, கரண்டு இருக்கிற ஊருக்கு அனுப்பிட்டாங்களாம். ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கே வந்து சொன்னாங்க. “கெட்ட மருந்தும் நல்ல மருந்தும் பார்க்க ஒண்ணாத்தான்மா இருக்கும். பாதி பேருக்கு சதுரம் பார்க்கவும் தெரியாது. நான் போட்டுட்டுப் போயிருந்தா நீ சந்தோசமாப் போயிருப்பே. அட்டையில போட்டாச்சுன்னு இருக்கும், பிள்ளை உடம்புல ஒண்ணும் இருக்காது.”

எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலை. டீ போட்டுக் கொடுத்தேன், குடிச்சிட்டுப் போனாங்க.

அடுத்த குழுக் கூட்டத்துல இதைச் சொன்னேன். அப்பத்துல இருந்து புதன்கிழமை ஊசி போடுற நாள்ல எங்க குழுவுல யாராவது ஒருத்தர் கூட இருக்கோம். பெட்டியை வெயில்ல வைக்காம நிழல்ல வைக்கிறது, சும்மா சும்மா மூடியைத் திறக்க விடாம பார்க்கிறது, வராத பிள்ளை வீட்டுக்கு ஓடுறதுதான் எங்க வேலை. 2021-ல கொரோனா ஊசி போட்டப்பவும் அப்படித்தான் நின்னோம். கரைச்ச தட்டம்மை மருந்தை 4 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாதுங்கிறதால, பாட்டில் திறந்த நேரத்தை நான் கேட்டு வச்சுக்குவேன். “நீயே நர்சு வேலைக்கு வந்துடு”ன்னு நர்சம்மா கேலி பண்ணுவாங்க.

சின்னவளுக்கு அந்த ஊசி போட்டது டிசம்பர் 5. அன்னிக்குப் பாட்டிலை என் கையில கொடுத்து, சதுரத்தைப் பாரும்மான்னு சொன்னாங்க. வெள்ளையா இருந்தது.