நுழைவுச் சீட்டும் எழுத்து வடிவமும்

ஒரு விழாவைப் பற்றி அவையோர் கையில் முதலில் சேரும் அச்சுச் சான்று அதன் நுழைவுச் சீட்டே ஆகும். விழா முடிந்ததும் எறியப்படும் அச்சிறு தாளுக்கும் வரலாறு உண்டு. சேர்வராயன் மலையில் மே மாதந்தோறும் நிகழும் கோடை விழாவையொட்டி அச்சேறும் தாள்களில் நான்கே எழுத்துக்களாய் நிற்பது 'ஏற்காடு' என்னும் ஊர்ப்பெயர். அதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் தமிழ் எழுத்து நடந்து வந்த நெடுவழி புலனாகும்.

ஏரியும் காடும் சேர்ந்து அமைந்தது அப்பெயர் என்பர். ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாட்டைத் தொல்காப்பியம் புள்ளியாலேயே காட்டியது. புள்ளி விடுபட்டபோது குறிலும் நெடிலும் ஒன்றாயின. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ஆகவே, அம்முறையில் இவ்வூர்ப்பெயரை எழுதினால் 'எறகரடு' என்றும் படிக்க இடமுண்டு. கரடு என்பது சிறு குன்றைக் குறிக்கும் சொல்லாதலின், அப்பிழையிலும் ஒரு பொருள் தோன்றிவிடும்! ஊரறிந்தவர் சரியாகப் படிப்பர், புதியவர் மயங்குவர்.

இம்மயக்கம் ஒரே நாளில் தீரவில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் நெடில் ஏகாரத்திற்கு அடிக்கோடும், ஏகார உயிர்மெய்க்குச் சுழித்த கொம்பும் தந்து குறிலினின்று பிரித்தார். ரகரத்தின் கீழே சாய்கோடு இட்டுக் காலினின்று வேறாக்கும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது.

அச்சுக்கலையும் வடிவத்தை மாற்றியது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 1713இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துக்கள் அளவில் பெரியன. தாளை மிகுதியாக விழுங்கின. ஆதலின் அங்கேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. தாளின் அளவே எழுத்தின் அளவை முடிவு செய்தது. நுழைவுச் சீட்டு அமைப்போர் இன்றும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே.

ஈய எழுத்துக்களால் அச்சுக் கோத்த காலத்தில், அச்சகத்தில் இருந்த சில வகை எழுத்துக்களே விழாவுக்கும் வாய்த்தன. தனி வடிவம் வேண்டியோர் ஓவியரைக் கொண்டு தலைப்பை வரைவித்து, அதனைப் பிளாக்காகச் செய்து அச்சிட்டனர். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்னும் வண்ணப்படத்தை வெளியிட்டது. அக்காலத் திரைப்படத் தலைப்புகள் ஓவியர் கைவண்ணத்தால் உருவானவை. வார்த்த எழுத்து எல்லோருக்கும் பொது. வரைந்த எழுத்தோ அந்த ஒரு நிகழ்ச்சிக்கே உரியது.

1978இல் தமிழக அரசு 13 எழுத்துக்களின் வடிவைச் சீர்திருத்தியது. ணகர, லகர, ளகர, னகரங்களின் ஐகாரத்திற்கு இருந்த துதிக்கை வடிவம் அதனோடு அச்சினின்று மறையலாயிற்று. 1990களில் கணினி வந்தது, எழுத்துருக்கள் பெருகின. ஆயின் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை கொண்டிருந்தது. ஓர் அச்சகத்தில் அமைத்த சீட்டை அவ்வெழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் திறந்தால், தமிழ் நின்ற இடத்தில் பொருளற்ற உரோமன் குறிகளே தோன்றின. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாடு பொதுத்தரம் காண முனைந்தது. 2010இல் ஒருங்குறி தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. ஆயினும் இடைக்காலத்துக் கோப்புகள் பல இன்று படிக்க இயலாதவை ஆயின. ஓலை செல்லரித்து அழிந்தது. கோப்போ அழியாமல் இருந்தும் ஊமையாயிற்று.

இவ்வரலாறு கவிஞர்க்கு அயலானதன்று. குறில் நெடிலாயின் அசை மாறும். அசை மாறின் தளை தட்டும். அழகு கருதி ஏகாரத்தின் அடிக்கோட்டை மறைக்கும் எழுத்துரு, பல தலைமுறையினர் முயன்று தீர்த்த மயக்கத்தை மீண்டும் கொணர்கிறது. விழாவின் பெயர் தனி வடிவம் பூணலாம். நாள், இடம், இருக்கை எண் ஆகியவை வாயிற்காவலர் மங்கிய ஒளியிலும் ஒரு பார்வையில் படிக்கத்தக்கனவாய் நிற்றல் வேண்டும். அச்சான சீட்டில் ஒன்றையேனும் ஒவ்வோர் இலக்கிய வட்டமும் பேணி வைத்தல் நன்று. கணினி மறந்த எழுத்தை அத்தாள் காட்டும்.