மலைக்கு நடக்கிறதுக்கு முதல்

இலையுதிர் காலம் எண்டு ஒண்டு குச்சவெளியில் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாலு பருவம் படித்தோம், ஆனா இஞ்ச இருக்கிறது ரெண்டுதான்: கச்சான் காற்று அடிக்கிற காலம், வாடை அடிக்கிற காலம். வெளிநாட்டு நடைப்பயணக் காணொளிகளில் செப்டெம்பர், ஒக்டோபர் எண்டதும் சிவந்த இலையும் முதுகில் பெரிய பையும் வரும். எங்களுக்கு அது கச்சான் ஓய்ந்து வாடை தொடங்க முன்னம் இடையில் கிடைக்கிற கொஞ்ச நாள். கடலை நம்பியிருக்கிற வீடுகளுக்கு அந்த நாள்களின் அருமை தெரியும்.

அந்த இடைவெளியில்தான் இந்த முறை நாங்கள் ஆறு பேர் மலைக்குப் போறதாக முடிவு எடுத்திருக்கிறோம். இடம், பீக்கோ டிரெயில். 2023இல் திறக்கப்பட்ட நடைபாதை அது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல எண்டு சுற்றி நுவரெலியாவில் முடியும். 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். முழுவதும் நடக்க எங்களிடம் நாளும் இல்லை, காசும் இல்லை. எந்தக் கட்டத்தை நடக்கிறது எண்டு பார்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. ஏனெண்டா வரைபடத்தை விரித்து வைத்தால் மழையைப் பற்றிய கேள்வியோட ஒரு வரலாற்றுக் கேள்வியும் வந்து நிற்குது: இந்தப் பாதையை வெட்டினது யார்?

விளம்பரங்களில் இதற்கு ஒரு வரிப் பதில் இருக்கு. பிரித்தானியர் காலத்தில் தேயிலையைத் தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குக் கொண்டுபோகப் போட்ட பழைய பாதைகள். பொய் இல்லை. ஆனா அந்த வசனத்தில் ஆள்கள் இல்லை. 'பீக்கோ' எண்ட பெயரும் அப்படித்தான். சீனத்தில் தேயிலைக் குருத்தின் மேல் இருக்கிற வெள்ளைப் பூமுடியைக் குறித்த சொல், பிறகு தேயிலையின் தரத்துக்குப் பெயராகி விற்பனைக்குப் போனது. கொழுந்து கிள்ளினவர்களின் வாயில் இருந்து வந்த பெயர் இல்லை அது.

கோப்பிப் பழம் பழுக்கிற மாதங்கள்

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் மேட்டு நிலத்தையும் அரசின் சொத்தாக்கியது. பரம்பரையாக அந்தக் காட்டில் சேனை செய்த, மாடு மேய்த்த சிங்களக் கிராமத்தவர்களிடம் ஏது உறுதி? நிலம் துரைமாருக்குப் போனது. அந்த நிலத்தில் வேலை செய்ய ஆள் தேடி அக்கரைக்குப் போனார்கள்.

மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் பக்கங்களில் பஞ்சமும் சாதியும் கடனும் ஆள்களைத் தள்ளிக்கொண்டிருந்த காலம். 'கண்டிச்சீமை' எண்ட சொல் அந்த ஊர்களில் பரவியது. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கினவர்கள் அங்கிருந்து நடந்தார்கள். காட்டுக்குள்ளால் தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை. ஏறத்தாழ 250 கிலோமீற்றர். முதுகில் அரிசி மூட்டை, வழியில் குளத்துத் தண்ணி, கூடவே வாந்திபேதியும் காய்ச்சலும். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். எத்தனை பேர் எண்டு அன்று ஒருவரும் ஒழுங்காகப் பதிவு செய்யாததால் இன்றும் ஆய்வாளர்களுக்கு இடையில் இழுபறி.

அவர்கள் நடந்த மாதங்களையும் பாருங்கள். கோப்பிப் பழம் பறிக்கிற காலம் ஓகஸ்ட் தொடங்கி நவம்பர் வரை. அந்த அறுவடைக்குத்தான் கூட்டம் கூட்டமாக வந்து, முடிந்ததும் கனபேர் திரும்பி ஊருக்கு நடந்தார்கள். நாங்கள் 'நடக்க நல்ல காலம்' எண்டு நாள் பார்க்கிற அதே பருவம், அவர்கள் நடந்தே ஆக வேண்டியிருந்த பருவம்.

எங்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. குச்சவெளியில் இருந்து கண்டிக்கு எப்படிப் போறது? நிலாவெளி கடந்து திருகோணமலை, அங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை, கண்டி. தம்புள்ளைக்குப் பிறகு நாங்கள் போறது அவர்கள் நடந்து போன அதே வழித்தடம். பஸ்ஸில் ஜன்னல் சீற்றுக்குச் சண்டை பிடித்துக்கொண்டு, ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போற அந்த றோட்டு ஒரு பெரிய மயானம்.

கோப்பி போய்த் தேயிலை

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு முன்னமே, 1867இல், ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். ஸ்கொட்லாந்தில் இருந்து 1852இல் வந்தவர். பீக்கோ டிரெயிலின் இரண்டாவது கட்டம் கலஹாவில் இருந்து அந்தத் தோட்டத்துக்குத்தான் போகுது.

பயிர் மாறினது வாழ்க்கையையும் மாற்றியது. கோப்பிக்குச் சில மாதம் ஆள் போதும். தேயிலை வருடம் முழுவதும் துளிர்க்கும், கிழமைக்குக் கிழமை கொழுந்து எடுக்க வேணும். அதனால் வந்து போற ஆம்பிளைகள் போதாது. குடும்பமாக, பெண்களோடும் பிள்ளைகளோடும் மலையிலேயே நிற்க வேணும். லயன் காம்பராக்கள் அந்தத் தேவைக்குப் பெருகியவை. ஆள் சேர்த்த கங்காணிதான் முற்பணம் கொடுத்தவர், வழிச்செலவை எழுதினவர், வேலை வாங்கினவர். தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனோடுதான் வைத்தார். வேற தோட்டத்துக்குப் போறதெண்டால் அந்தக் கடன் எவ்வளவு எண்டு எழுதின 'துண்டு' வேணும். கடனைக் கட்டுற தோட்டத்துக்கு ஆளும் சேர்ந்து போகும். அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல். அதற்கு முதல், 1900களின் தொடக்கத்தில், வருகிற ஆளின் கழுத்தில் தோட்ட இலக்கம் பொறித்த தகரத் துண்டு கட்டி அனுப்பினார்கள். பொதி போய்ச் சேர முகவரி ஒட்டுகிற மாதிரி.

டெய்லர் 1892இல் செத்தபோது அவரின் உடலைத் தோட்டத் தொழிலாளர்கள் தோளில் மாறி மாறிச் சுமந்து, மலை இறக்கிக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள் எண்டு சொல்லுவார்கள். கண்டி மஹையாவ மயானத்தில் அவரின் கல்லறை இருக்கு, கல்லில் அவரின் பெயர் இருக்கு. சுமந்தவர்களின் பெயர் அதில் இல்லை.

அதே ஹேவாஹெட்டைப் பக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டமும். 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் எண்ட தொழிலாளி செத்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் வரிசையில் வருகிற பெயர் அது. டெய்லரைத் தேடிப் போறவர்கள் அந்த ஊர்ப் பக்கம் கோவிந்தனையும் தேடலாம். ரெண்டுமே அந்த மலையின் கதைதான்.

திருகோணமலைக்கு வந்த கால்கள்

"அது மலையகத்தாரின் கதை, எங்களுக்கு என்ன?" எண்டு ஒருவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஆனா வடக்கு கிழக்கில் இருந்து மலைக்குப் போற எங்கட பயணப் படங்களைப் பார்த்தால் அந்தக் கேள்விதான் உள்ளே இருக்கு. ஒன்பது வளைவுப் பாலம், மூடுபனி, கொழுந்துக் கூடையோடு ஒரு அக்கா. அந்த அக்காவின் பெயர் ஒரு படத்திலும் இருக்காது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடம், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டின் பொருளாதாரத்தைத் தோளில் வைத்திருந்த மக்கள் நாடற்றவர்களானார்கள், 1949இல் வாக்குரிமையும் போனது. அந்த 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்துக்குத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஆதரவாக வாக்களித்தார். அந்தப் பிளவில்தான் செல்வநாயகமும் கூட்டாளிகளும் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். மலையக மக்களின் கதையை ஒதுக்கி வைத்து வடக்கு கிழக்கு அரசியலின் கதையைச் சொல்லவே ஏலாது.

அதற்கு எங்கட திருகோணமலையே சாட்சி. 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு இங்கே நடந்தது. பல ஊர்களில் இருந்து ஆள்கள் கால்நடையாகவே திருமலைக்கு வந்தார்கள். அந்த மாநாட்டின் முக்கிய நாலு கோரிக்கைகளில் ஒண்டு, மலையக மக்களின் பிரஜாவுரிமை. ஆனா அடுத்த வருடத்து பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் அது பிறகு பார்க்கிற விஷயமாகத் தள்ளிப்போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது, 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு எண்டு பிரித்தார்கள். ஒரு தொழிலாளியையும் கேட்கவில்லை. நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டப்படி முடிவு வந்தது 2003இல். இடையில் 1977 வன்முறைக்குப் பிறகு கனபேர் மலையை விட்டு இறங்கி வன்னியிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். எங்களோட ஒரே வகுப்பில் இருந்த சில பேரின் அம்மம்மா பிறந்தது ஒரு லயனில் எண்டு கேட்டால்தான் தெரியவரும்.

2023இல், மலையகம் 200 எண்டு நினைவுகூர்ந்த வருடத்தில், மாண்புமிகு மலையக மக்கள் எண்ட பெயரில் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. யூலைக் கடைசியில் வெளிக்கிட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடித்தார்கள். காணி, வீடு, சமமான சம்பளம், சமமான பிரஜை எண்ட கோரிக்கைகளோடு பூட்டன் பூட்டி வந்த வழியில் திரும்ப நடந்தார்கள். பீக்கோ டிரெயில் திறந்ததும் அதே வருடம். ஒரே வருடத்தில் ரெண்டு நடை. ஒண்டுக்கு உலகம் முழுக்க விளம்பரம். மற்றதைப் பற்றி எங்கட வயசுப் பெடியள் பெட்டையள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

அப்ப எப்பிடிப் போறது?

போகாமல் விடுறது பதில் இல்லை. நடந்தால்தான் ஒரு மலையின் ஏற்றம் காலுக்குத் தெரியும், நிறைந்த கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் நாளுக்கு எத்தனை தரம் போய்வர வேணும் எண்டது தெரியும். நடைபாதையால் அங்கே இருக்கிற ஆள்களுக்குக் கடை, தங்குமிடம், வழிகாட்டி வேலை எண்டு நாலு காசு வந்தால் அதுவும் நல்லது. எப்படிப் போறம் எண்டதுதான் கேள்வி.

முதலில் நாள். மலையகத்தின் ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு காலநிலை. ஹற்றன் பக்கம் தை தொடங்கிச் சித்திரை வரை வெயில் கிடைக்கும். ஊவாப் பக்கம், ஹப்புத்தளை, எல்ல எல்லாம், ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை காய்ந்திருக்கும். ஊவாத் தேயிலைக்கு ருசி ஏறுறதும் அந்தக் காய்ந்த காற்றில்தான். ஒக்டோபர் பிறந்தால் எல்லாப் பக்கமும் பின்னேரத்தில் இடிமழை. அதனால் செப்டெம்பர் நடுவில் வெளிக்கிட்டு, விடிய ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி, மத்தியானத்தோடு நடையை முடிக்கிறது எண்டு வைத்திருக்கிறோம்.

மழையை நாங்கள் பயணத்துக்கு இடைஞ்சலாகத்தான் பார்க்கிறோம். அங்கே இருக்கிறவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்து எண்டு பல வருடத்துக்கு முன்னமே எச்சரிக்கை இருந்தது. இருந்தும் போக அவர்களுக்கு வேற காணி இல்லை. நாங்கள் மழை எண்டால் பயணத்தைத் தள்ளி வைக்கலாம். அவர்கள் வீட்டைத் தள்ளி வைக்க ஏலாது.

பிறகு பாதை. முதலாம் நாள் மாத்தளையில் இறங்கி முத்துமாரியம்மன் கோயிலடிக்குப் போறது, காட்டு வழி முடிகிற ஊர் அதுதான். இரண்டாம் நாள் ஹந்தானைத் தேயிலை நூதனசாலையைப் பார்த்துவிட்டுக் கலஹாவுக்கு நடக்கிறது. மூன்றாம் நாள் கலஹாவில் இருந்து லூல்கந்துர. நாலாம் நாள் ஹேவாஹெட்டைப் பக்கத்தால் கண்டிக்குத் திரும்பி ஊருக்கு பஸ். ஒன்பது வளைவுப் பாலம் இந்த முறை இல்லை.

பையில் மழைக்கோட்டு, டோர்ச், அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், மாற்றுச் சப்பாத்து. அதோடு ரெண்டு புத்தகம்: தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளையின் ஒண்டு, மலையகச் சிறுகதைத் தொகுப்பு ஒண்டு. ராத்திரியில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிறது எண்டு ஒப்பந்தம்.

கடைசியாக எங்களுக்குள் சில விதி. லயனுக்குள் கமராவோடு போறதில்லை. அது ஒருவரின் வீட்டு வாசல். கொழுந்து எடுக்கிறவரைப் படம் எடுக்கக் கேட்க முதல் பெயரைக் கேட்கிறது, எங்கட பெயரைச் சொல்லுறது. அவர் இல்லை எண்டால் படமும் இல்லை. எடை போடுற நேரம் குறுக்க நிற்கிறதில்லை, அந்த ஒரு கிலோ ரெண்டு கிலோவில் அவர்களின் அன்றைய கூலி தொங்குது. தேத்தண்ணியைப் பெரிய ஹோட்டலில் இல்லாமல் தோட்டத்துக் கடையில் குடிக்கிறது. கோவிந்தனைப் பற்றி வயதானவர்கள் யாரும் கதைத்தால் இருந்து கேட்டு, அவர்கள் சம்மதித்தால் எழுதிக்கொண்டு வாறது.

ஆறு பேரில் ரெண்டு பேருக்கு வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. மிச்சம் நாலு பேரும் சப்பாத்துப் போட்டுக் குச்சவெளிக் கடற்கரையில் விடியப்புறம் நடந்து பழகத் தொடங்கியாச்சு. மணலில் நடக்கிறதும் மலையில் ஏறுறதும் ஒண்டில்லைத்தான், ஆனா எங்களுக்குக் கிட்ட இருக்கிறது அதுதான்.