'எல்' என்ற எழுத்து

நெதர்லாந்தில் கூடிய டார்ட் திருச்சபைப் பேரவை தன் ஐந்து கால்வினியக் கோட்பாடுகளையும் நாட்டுப் பூவான டியூலிப்பின் பெயருக்குள் கோத்து வைத்தது என்று மேடைக்கு மேடை சொல்லி வருகிறார்கள். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை இது. நடுவிலுள்ள 'எல்' என்ற எழுத்துக்கு 'வரையறுக்கப்பட்ட பாவநிவாரணம்' என்று பொருள் சொல்வார்கள். கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தாரா, கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமா என்ற நெடுநாள் வழக்கு அந்த ஓரெழுத்தில்தான் கிடக்கிறது. அதனால் இதைச் சும்மா விடுவதற்கில்லை.

1618–19இல் கூடிய பேரவை தன் தீர்ப்பை இலத்தீனில் எழுதியது. டச்சுக்காரர் அந்தப் பூவைச் சொல்வது 'துல்ப்' என்று. அதில் 'ஐ' கிடையாது. வரிசையும் பொருந்தாது. கால்வினியத்தோடு மாறுபட்ட இறையியலாளர் அர்மீனியஸின் சீடர்கள் 1610இல் வைத்த ஐந்து கூற்றுகளுக்கு அதே வரிசையில் மறுமொழி தந்ததால், முதலில் தெரிந்துகொள்ளுதல், அடுத்து கிறிஸ்துவின் மரணம். மூன்றும் நான்கும் ஒரே அதிகாரம். அர்மீனியஸ் கற்பித்த லைடனில் தாவரவியலாளர் குளூசியஸ் டியூலிப் பயிரிட்டது உண்மைதான். அதனால் என்ன?

ஐந்தெழுத்துச் சுருக்கம் அமெரிக்கச் சரக்கு. 1913இல் வில்லியம் வெயில் எழுதிய கட்டுரை, சுமார் 1905இல் போதகர் மெக்காஃபி ஆற்றிய உரையில் இதைக் கேட்டதாகச் சொல்கிறது. அங்கே 'யூ' என்பது இன்று சொல்லும் 'நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதல்' அல்ல, கடவுளின் 'அனைத்துலக இறையாண்மை'. 1932இல் இறையியலாளர் போட்னரின் நூல் பரவிய பிறகே இன்றைய வடிவம் நிலைத்தது.

சரி, டார்ட் என்னதான் சொன்னது? இரண்டாம் அதிகாரத்தின் தலைப்பில் உள்ள சொல் 'ரெதெம்ப்தியோ'. விலை கொடுத்துத் திரும்பப் பெறுதல், அதாவது மீட்பு. அதன் மூன்றாம் பிரிவு, இந்த மரணம் உலகம் முழுவதின் பாவங்களுக்கும் தாராளமாகப் போதுமானது என்கிறது. எட்டாம் பிரிவோ அதன் பலன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களிடம் மட்டும் நிறைவேறும் என்கிறது. 'எல்லாருக்கும் போதும், சிலருக்கே பலிக்கும்' என்ற இந்தப் பிரிவினை பன்னிரண்டாம் நூற்றாண்டு இறையியலாளர் பீட்டர் லொம்பார்டிடமே உண்டு.

எதிர்க்கட்சியான அர்மீனியஸ் சீடர்களின் இரண்டாம் கூற்றையும் பாருங்கள். கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார். ஆனால் விசுவாசிப்பவர் அல்லாமல் வேறெவரும் பாவமன்னிப்பை அனுபவிப்பதில்லை. வரம்பு அங்கேயும் இருக்கிறதே! ஒரு சாரார் அதைக் கடவுளின் நோக்கத்தில் வைத்தார்கள், மறு சாரார் மனிதனின் விசுவாசத்தில் வைத்தார்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒன்றை ஒரு தரப்பின் பெயராக்கினால் சொல் எதைப் பிரித்துக் காட்டும்? 'வரையறுக்கப்பட்ட' என்ற அடைமொழியைச் சிலர் முன்பே ஆண்டிருக்கலாம். இன்று அதைப் பிடித்து வைத்திருப்பது பூவின் 'எல்' எழுத்துதான்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாப்திஸ்துகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 'பொது' என்றும் 'குறிப்பிட்ட' என்றும் பெயரிட்டுப் பிரிந்து நின்றார்கள். மீட்பு யாரைக் குறித்தது என்பதே அவர்களுடைய கேள்வி. சுருக்கம் கெட்டாலும் கெடட்டும், 'குறிப்பிட்ட மீட்பு' என்றே நாமும் எழுதுவோம்.